18446744073709551615: சதுரங்கக் கட்டங்களில் பிறந்த பேரெண்

இரண்டை அறுபத்து நான்கு முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கி, வரும் விடையிலிருந்து ஒன்றைக் கழித்தால் 18446744073709551615 கிடைக்கிறது. இருபது இலக்கங்கள் கொண்ட எண் இது. நம் வழக்கப்படி காற்புள்ளி இட்டால் 1,84,46,74,40,73,70,95,51,615. வாய்விட்டுப் படிப்பதானால் ஒரு லட்சத்து 84 ஆயிரத்து 467 கோடி கோடி, அதோடு 44 லட்சத்து 7 ஆயிரத்து 370 கோடி, அதற்கும் மேல் 95 லட்சத்து 51 ஆயிரத்து 615 என்று சொல்ல வேண்டும். கணிதத்தில் இதைச் சுருக்கமாக 2⁶⁴ − 1 என்று எழுதுவார்கள். சதுரங்கப் பலகையின் தானியக் கதையிலும், தட்டுகளை மாற்றி அடுக்கும் ஒரு புதிரிலும், இன்றைய கணினிகளின் உள்ளேயும் இதே எண்தான் வந்து நிற்கிறது. இதன் பருமனைக் கண்டு வியப்பவர்கள் பலர். ஆனால் பருமனை விடவும் இந்த எண் எந்தெந்தக் காரணிகளாக உடைகிறது என்பதில்தான் சுவை அதிகம்.

முதலில் கதை. சதுரங்கத்தைக் கண்டுபிடித்துத் தந்த சிஸ்ஸா என்ற அறிஞரிடம் அரசர் என்ன பரிசு வேண்டும் என்று கேட்கிறார். பலகையின் முதல் கட்டத்தில் ஒரு தானியம், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு, இப்படி ஒவ்வொரு கட்டத்திலும் முந்தையதைப் போல இரு மடங்கு வைத்து 64 கட்டங்களையும் நிரப்பித் தந்தால் போதும் என்கிறார் அவர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு கல்லிகான் இக்கதையைப் பதிவு செய்திருக்கிறார். கேரளத்தின் அம்பலப்புழைக் கோயிலில் இதற்கு வேறு வடிவம் உண்டு. முனிவர் வேடத்தில் வந்த கண்ணன் அந்நாட்டு அரசனைச் சதுரங்கத்தில் வென்று அரிசியைப் பந்தயமாகக் கேட்டான் என்பதும், அரசனால் கொடுத்து முடிக்க இயலாத அந்தக் கடன்தான் நாள்தோறும் பால் பாயசமாகப் படைக்கப்படுகிறது என்பதும் அங்குள்ள நம்பிக்கை.

கட்டங்களின் கூட்டுத்தொகை ஏன் 2⁶⁴ஐ விட ஒன்று குறைவாக அமைகிறது என்பதை முதல் சில கட்டங்களிலேயே பார்த்துவிடலாம். ஒரு கட்டத்துக்கு 1, இரண்டு கட்டங்களுக்கு 3, மூன்றுக்கு 7, நான்குக்கு 15. ஒவ்வொரு முறையும் அடுத்த கட்டத்தில் வைக்க வேண்டியதை விட ஒன்று குறைகிறது. காரணம் எளிது. முதல் கட்டத்தில் கூடுதலாக ஒரே ஒரு தானியத்தைப் போட்டால் அங்கே இரண்டாகிறது. அந்த இரண்டையும் அடுத்த கட்டத்துக்குத் தள்ளினால் அங்கே நான்காகிறது. இப்படியே தள்ளிக்கொண்டு போனால், கடைசியில் எல்லாத் தானியங்களும் 65ஆவது கட்டம் ஒன்று இருந்தால் அதில் இருக்க வேண்டிய 2⁶⁴ தானியங்களாகத் திரண்டு நிற்கும். கூடுதலாகப் போட்ட ஒன்றை எடுத்துவிட்டால் மீதி இருப்பது நம் எண்.

பலகையின் முதல் பாதியான 32 கட்டங்கள் 4294967295 தானியங்களோடு நிறைகின்றன. ஓர் அரிசி 20 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் அது ஏறத்தாழ 86 டன். அரண்மனைக் களஞ்சியம் தாங்கக்கூடிய அளவுதான். 33ஆவது கட்டத்தில் மட்டுமே முதல் பாதி முழுவதையும் விட ஒரு தானியம் அதிகம். அங்கிருந்து தொடங்கி 64ஆவது கட்டத்தை முடிக்கும்போது கணக்கு சுமார் 36,900 கோடி டன்னைத் தொடுகிறது. இன்று உலகம் முழுவதும் ஓராண்டில் விளையும் அரிசி ஐம்பது கோடி டன்னைச் சற்றே தாண்டும். உலகத்தின் மொத்த விளைச்சலையும் கொண்டுவந்து கொட்டினாலும் பலகை நிறைய ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் ஆகும்.

இவ்வளவு பெரிய எண்ணைக் காகிதமும் கணினியும் மலிவாகக் கிடைக்காத காலத்தில் எப்படிக் கணக்கிட்டார்கள்? 63 முறை இரட்டிக்க வேண்டிய தேவையே இல்லை. கி.பி. 1000ஆம் ஆண்டையொட்டி எழுதிய நூலில் அல்-பிரூனி இக்கணக்கைச் செய்து காட்டினார். 16ஐ எடுத்து அதை வர்க்கப்படுத்தினால் 256, மறுபடி வர்க்கப்படுத்தினால் 65536, மறுபடி 4294967296, நான்காவது முறை 2⁶⁴. பிறகு ஒன்றைக் கழித்தால் விடை. அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, யாப்பிலக்கணம் எழுதிய பிங்கலர் இதே சுருக்கு வழியைச் சூத்திரமாகச் சொல்லியிருந்தார். குறில் போன்ற லகு, நெடில் போன்ற குரு ஆகிய இரண்டையும் வைத்து இத்தனை அசைகள் கொண்ட அடிகளை எத்தனை விதமாக அமைக்கலாம் என்பது அவருடைய கேள்வி. ஓர் அசை கூடினால் வகைகள் இரட்டிக்கின்றன. அசைகளின் எண்ணிக்கை இரட்டைப்படையானால் பாதியாக்கு, ஒற்றைப்படையானால் ஒன்றைக் குறை, திரும்பி வரும்போது பாதியாக்கிய இடத்தில் வர்க்கம், குறைத்த இடத்தில் இரட்டிப்பு என்பது அவருடைய முறை. 64க்கு இதைச் செய்தால் ஓர் இரட்டிப்பும் ஆறு வர்க்கங்களும் போதும். இன்று கணினிகள் பேரடுக்குகளைக் கணக்கிடுவதும் இவ்வாறே.

பிரெஞ்சுக் கணிதவியலாளர் எடுவார்த் லூக்கா 1883இல் வெளியிட்ட ஹனாய் கோபுரம் என்ற புதிரிலும் இந்த எண் வந்தது. மூன்று கம்பங்கள். ஒன்றில் கீழே பெரியதும் மேலே சிறியதுமாகத் தட்டுகள் அடுக்கப்பட்டிருக்கும். ஒரு முறைக்கு ஒரு தட்டு என மாற்றி, சிறியதன் மேல் பெரியதை எப்போதும் வைக்காமல், முழு அடுக்கையும் வேறொரு கம்பத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இதற்கு அலங்காரமாகக் காசிக் கோயில் ஒன்றில் வைர ஊசிகளில் 64 தங்கத் தட்டுகளை அர்ச்சகர்கள் ஓயாது மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், வேலை முடியும்போது உலகமும் முடியும் என்று ஒரு கதையும் பிரான்ஸில் கட்டப்பட்டது. அடித்தட்டை ஒரு முறை நகர்த்த வேண்டுமானால் அதற்கு மேலுள்ள 63 தட்டுகளையும் முதலில் அகற்ற வேண்டும், பிறகு மீண்டும் மேலே கொண்டுவந்து அடுக்க வேண்டும். ஆகவே ஒரு தட்டு கூடும்போது நகர்வுகள் இரு மடங்காகி ஒன்று சேர்கிறது: 1, 3, 7, 15. சதுரங்கக் கணக்கு அப்படியே திரும்புகிறது. இன்னும் நுணுக்கமாகப் பார்த்தால், அடித்தட்டு ஒரே முறை நகர்கிறது, அதற்கு மேலுள்ளது இரு முறை, அடுத்தது நான்கு முறை, உச்சியிலுள்ள மிகச் சிறிய தட்டு 2⁶³ முறை. ஒவ்வொரு தட்டும் ஒரு சதுரங்கக் கட்டத்தின் தானியக் கணக்கையே செய்து முடிக்கிறது. நொடிக்கு ஒரு தட்டு என்று மாற்றினாலும் 58,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான்.

எண்ணின் உள்ளமைப்புக்கு வருவோம். 0, 1 ஆகிய இரண்டே இலக்கங்களைக் கொண்ட ஈரடிமான முறையில் எழுதினால் இந்த எண் 64 ஒன்றுகளின் வரிசை. வேறு இலக்கமே கிடையாது. நாம் பழகிய பத்தடிமானத்தில் 9999 எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்தில் ஈரடிமானத்தில் இது இருக்கிறது. இந்த ஒப்புமையிலிருந்து காரணிகளைப் பிரிக்கும் வழியும் கிடைக்கிறது. 9999 என்பது இரண்டு 99கள் அடுத்தடுத்து நிற்பது. ஆகவே அது 99 × 101. அதே போல 64 ஒன்றுகளை நடுவில் வெட்டினால் 32 ஒன்றுகள் கொண்ட இரண்டு துண்டுகள் கிடைக்கின்றன. எனவே 2⁶⁴ − 1 என்பது 2³² − 1, 2³² + 1 ஆகிய இரண்டின் பெருக்கல். முதல் துண்டை மீண்டும் வெட்டலாம், அதில் வருவதை மீண்டும் வெட்டலாம். 64 என்பது இரண்டின் அடுக்கு என்பதால் இந்த வெட்டு இடையில் எங்கும் தடைப்படாமல் ஒன்று வரை இறங்குகிறது. முடிவில் கிடைப்பது 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297.

இந்த ஆறு எண்களும் கணித வரலாற்றில் பெயர் பெற்றவை. இரண்டை 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துப் போகும் அடுக்குகளுக்கு உயர்த்தி ஒன்றைக் கூட்டினால் இவை வருகின்றன. 1640இல் எழுதிய கடிதங்களில் பியர் த ஃபெர்மா இவ்வகை எண்கள் எல்லாமே பகா எண்கள் என்று தாம் நம்புவதாகச் சொன்னார். அதற்கு நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். முதல் ஐந்தும் பகா எண்கள்தான். ஆறாவதான 4294967297ஐச் சோதிப்பது அன்றைக்குப் பெரிய வேலை. 1729 டிசம்பரில் கிறிஸ்டியன் கோல்ட்பாக் எழுதிய கடிதம் ஒன்று இக்கேள்வியை இளைஞராக இருந்த லியோனார்ட் ஆய்லரிடம் கொண்டுசேர்த்தது. 1732இல் ஆய்லர் விடை சொன்னார்: 4294967297 = 641 × 6700417. ஃபெர்மாவின் நம்பிக்கை ஆறாவது எண்ணிலேயே உடைந்தது.

641ஐ ஆய்லர் கண்மூடித்தனமாகத் தேடவில்லை. ஒரு பகா எண்ணால் 2, 4, 8, 16 என்ற வரிசையை வகுத்துக்கொண்டே போனால் மீதிகள் ஒரு சுழற்சியில் திரும்பத் திரும்ப வரும். அந்தச் சுழற்சியின் நீளம், பகா எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவதை மீதியின்றி வகுக்கும். இது ஃபெர்மாவே கண்டறிந்த விதியிலிருந்து வருவது. ஒரு பகா எண் 2³² + 1ஐ வகுக்குமானால் அதற்குச் சுழற்சியின் நீளம் சரியாக 64. ஆகவே அந்தப் பகா எண் 64இன் ஏதோ ஒரு மடங்கை விட ஒன்று கூடுதலாக இருந்தே ஆக வேண்டும். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று தொடங்குகின்றன. ஐந்தாவது சோதனையிலேயே விடை. ஃபெர்மா தம்முடைய விதியைத் தம்முடைய எண்ணின் மேலேயே திருப்பியிருந்தால் ஐந்து வகுத்தல்களில் உண்மையைக் கண்டிருப்பார். எண் கோட்பாட்டின் வரலாற்றில் இதைப் போல் மனத்தை உறுத்தும் தவறல் அதிகம் இல்லை.

641 அந்த எண்ணை வகுக்கிறது என்பதைப் பெருக்கிப் பார்க்காமலே காட்ட அழகான ஒரு வழி உண்டு. 641ஐ இரண்டு விதமாகப் பிரிக்கலாம். ஒன்று, 5 × 128 + 1. மற்றொன்று, 625 + 16. முதலாவதன்படி 5 × 128 என்பது 641க்கு ஒன்று குறைவு. அதை 641ஆல் வகுத்தால் மீதியை −1 என்று கொள்ளலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் மீதி 1 ஆகும். அந்த நான்காம் அடுக்கு 625 × 2²⁸. இரண்டாவது பிரிப்பின்படி 625க்கு மீதி −16. 16 என்பது 2⁴. ஆகவே −2³² என்பதற்கு மீதி 1, அதாவது 2³²க்கு மீதி −1. அதோடு ஒன்றைக் கூட்டினால் மீதி பூச்சியம். பள்ளிக் கணிதம் படித்த எவரும் ஒரு தாளில் எழுதி முடிக்கக்கூடிய நிரூபணம் இது.

6700417 பகா எண் என்பதால் உடைப்பு இங்கே முடிகிறது. நம் பேரெண்ணின் முழுக் காரணிப்படுத்தல் 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417. ஏழு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரே முறை. ஆகவே ஒன்றைத் தவிர வேறு எந்த வர்க்க எண்ணாலும் இதை வகுக்க முடியாது. ஒவ்வொரு பகா எண்ணையும் சேர்ப்பது அல்லது விடுவது என இரண்டு வாய்ப்புகள் இருப்பதால் மொத்த வகுத்திகள் 2⁷, அதாவது 128. இலக்கங்களைக் கூட்டிப் பார்ப்பவர்களுக்கு 87 வரும். அது மூன்றால் வகுபடும், ஒன்பதால் வகுபடாது. காரணிப் பட்டியலில் மூன்று ஒரே முறை நிற்பதோடு இது பொருந்துகிறது. தன்னைத் தவிர்த்த மற்ற வகுத்திகளைக் கூட்டினால் எண்ணில் ஏறத்தாழ எழுபது விழுக்காடுதான் வருகிறது. ஆகவே இது குறை எண் வகையைச் சேர்ந்தது.

இந்தக் காரணிகளில் முதல் ஐந்து ஃபெர்மா எண்களும் வடிவியலுக்குள் நுழைந்த நாள் துல்லியமாகத் தெரியும். 1796 மார்ச் 30. பத்தொன்பதாவது பிறந்த நாளுக்கு ஒரு மாதம் இருந்த கார்ல் ஃபிரெடரிக் காஸ், ஒழுங்கான 17 பக்கப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரையலாம் என்று கண்டறிந்து நாட்குறிப்பில் எழுதினார். பண்டைக் கிரேக்கர்கள் முக்கோணம், ஐங்கோணம், பதினைங்கோணம், அவற்றை இரட்டித்து வருபவை ஆகியவற்றை வரைந்திருந்தார்கள். அதன் பிறகு இரண்டாயிரம் ஆண்டுகளாக இந்தப் பட்டியலில் புதிதாக எதுவும் சேரவில்லை. கவராயம் வர்க்கமூலத்துக்கு மேல் எதையும் தராது. 17இலிருந்து ஒன்றைக் கழித்தால் 16. பதினாறைப் பாதி பாதியாகப் பிரித்து ஒன்று வரை வரலாம், ஒவ்வொரு பாதிக்கும் ஒரு வர்க்கமூலம் போதும். இதுதான் காஸ் கண்ட மறைபொருள். பக்கங்களின் எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தால், அதிலிருந்து ஒன்றைக் கழித்து வருவது இரண்டின் அடுக்காக இருக்க வேண்டும். இந்த நிபந்தனை கட்டாயமானது என்பதை 1837இல் பியர் வான்ட்செல் நிரூபித்தார். 641 பக்கப் பலகோணத்தை இவ்வாறு வரைய முடியாது. 640க்குள் ஐந்து ஒளிந்திருக்கிறது.

ஃபெர்மா வகைப் பகா எண்களாக இன்று வரை அறியப்பட்டவை 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்து மட்டுமே. வரையக்கூடிய பலகோணங்களில் பக்க எண்ணிக்கை ஒற்றைப்படையாக உள்ளவை இவற்றைத் திரும்பவராமல் பெருக்கிக் கிடைப்பவை. அவை 31. அவற்றில் மிகப் பெரியது ஐந்தையும் பெருக்கி வரும் 4294967295 பக்கங்கள் கொண்டது. சதுரங்கப் பலகையின் முதல் பாதியில் நிறைந்த தானியங்களின் எண்ணிக்கை இதுவேதான். அதாவது பலகையின் முதல் பாதி முழுக்க முழுக்கக் கவராயத்துக்குக் கட்டுப்படும் எண்களால் ஆனது, இரண்டாம் பாதியைச் சேர்க்கும்போதுதான் 641 வந்து அந்த ஒழுங்கை முறிக்கிறது. 65537 பக்கப் பலகோணத்துக்கான வழியை யோஹான் குஸ்தாவ் ஹெர்மெஸ் பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்து எழுதினார். அந்தக் கையெழுத்துப் படி ஜெர்மனியின் கோட்டிங்கனில் பாதுகாக்கப்படுகிறது. அந்தப் பலகோணத்தைத் தாளில் வரைந்தால் வட்டத்திலிருந்து பிரித்தறியவே முடியாது என்பது வேறு விஷயம்.

பாஸ்கல் முக்கோணத்திலும் இந்த எண்கள் வரிசையாகத் தென்படுகின்றன. பிங்கலரின் நூலுக்குப் பத்தாம் நூற்றாண்டில் உரை எழுதிய ஹலாயுதர் மேரு பிரஸ்தாரம் என்று விவரித்த முக்கோணமும் இதுவே. ஒவ்வொரு எண்ணும் அதற்கு மேலே உள்ள இரண்டின் கூட்டுத்தொகை. இதில் ஒற்றைப்படை எண் உள்ள இடத்தில் 1, இரட்டைப்படை உள்ள இடத்தில் 0 என்று குறித்துக்கொண்டு ஒவ்வொரு வரியையும் ஈரடிமான எண்ணாகப் படித்தால் 1, 3, 5, 15, 17, 51, 85, 255, 257 என்று போகிறது. முதல் 32 வரிகளில் ஒன்றைத் தவிர மற்றவை மேலே சொன்ன 31 பலகோணங்களின் பக்க எண்ணிக்கைகள், ஏறுவரிசையில். 64ஆவது வரியில் இரட்டைப்படை எண் ஒன்றுகூடக் கிடையாது. அதைப் படித்தால் வருவது 64 ஒன்றுகள், நம் பேரெண்.

இந்த எண்ணின் அண்டை வீட்டாரும் கவனிக்கத்தக்கவர்கள். ஒன்று கூட்டினால் 2⁶⁴, இரண்டைத் தவிர வேறு பகாக் காரணியே இல்லாத எண். இரண்டைக் கூட்டினால் ஏழாவது ஃபெர்மா எண்ணான 18446744073709551617. முதல் ஆறு ஃபெர்மா எண்களைப் பெருக்கினால் ஏழாவதற்கு இரண்டு குறைவாக வருகிறது என்பது இதன் பொருள். இந்த உறவு எல்லா இடத்திலும் உண்டு: 3 × 5 என்பது 17க்கு இரண்டு குறைவு, 3 × 5 × 17 என்பது 257க்கு இரண்டு குறைவு. இதனால் இரண்டு ஃபெர்மா எண்களுக்குப் பொதுக் காரணி ஏதாவது இருந்தால் அது இரண்டை வகுத்தாக வேண்டும். எல்லாமே ஒற்றைப்படை எண்கள் என்பதால் அது நடக்காது. ஆகவே ஒவ்வொரு ஃபெர்மா எண்ணும் முன்பு வராத புதிய பகா எண் ஒன்றையாவது கொண்டுவருகிறது. ஃபெர்மா எண்களுக்கு முடிவில்லை என்பதால் பகா எண்களுக்கும் முடிவில்லை. யூக்ளிடின் நிரூபணத்துக்குப் பக்கத்தில் வைக்கத் தகுந்த நிரூபணம் இது.

18446744073709551617ஐ உடைப்பது ஆய்லரின் காலத்துக்கு எட்டவில்லை. 1855இல் தாமஸ் கிளாசன் காஸுக்கு எழுதிய கடிதத்தில் 274177 × 67280421310721 என்ற விடையைச் சொல்லியிருந்தார். அது பரவலாகத் தெரியாத நிலையில் 1880இல் பிரான்ஸின் ஃபோர்ச்சூனே லாந்த்ரி தம் 82ஆம் வயதில் அதே எண்ணை உடைத்தார். ஆறாவது முதல் 33ஆவது வரையிலான ஃபெர்மா எண்கள் அனைத்தும் பகு எண்கள் என்று இன்று நிறுவப்பட்டுள்ளன. ஐந்துக்கு மேல் வேறு பகா எண் இவ்வரிசையில் உண்டா என்ற கேள்வி ஏறத்தாழ நானூறு ஆண்டுகளாகத் திறந்தே கிடக்கிறது. கீழ்ப்பக்கமாக இறங்கினால் 2⁶⁴க்குள் அடங்கும் மிகப் பெரிய பகா எண் 18446744073709551557. நம் எண்ணிலிருந்து 58 கழித்தால் அதை அடையலாம்.

இன்று இந்த எண்ணை மிக அதிகமாகச் சந்திப்பவர்கள் கணினி நிரல் எழுதுபவர்கள். கைப்பேசியிலும் மேசைக் கணினியிலும் உள்ள செயலிகள் பெரும்பாலும் 64 பிட் வகை. ஓர் எண்ணை வைக்க 64 இடங்கள், ஒவ்வொன்றிலும் 0 அல்லது 1. எல்லா இடங்களிலும் 1 நிறைந்தால் அதற்கு மேல் இடமில்லை. குறியில்லா முழு எண்களில் கணினி ஒரே வீச்சில் கையாளக்கூடிய மிகப் பெரியது 18446744073709551615. இன்னும் ஒன்றைக் கூட்டினால் எல்லா ஒன்றுகளும் பூச்சியமாகி, மிகுந்த ஒன்று வெளியே விழுந்துவிடும். விடை 0. மாறாக 0இலிருந்து ஒன்றைக் கழித்தால் விடை 18446744073709551615 ஆகிவிடும். திரையில் எதிர்பாராத இடத்தில் இந்த இருபது இலக்கங்கள் தோன்றினால் அனுபவமுள்ள நிரலருக்கு உடனே புரிந்துவிடும், எங்கோ ஒரு −1 குறியில்லா எண்ணாகப் படிக்கப்பட்டிருக்கிறது. எதிர்ம எண்களைக் கணினி சேமிக்கும் முறையில் −1க்கும் இந்தப் பேரெண்ணுக்கும் உருவம் ஒன்றுதான், 64 ஒன்றுகள்.

32 பிட் காலத்தின் நெருக்கடியைப் பார்த்தால் இந்த இடவசதியின் அருமை விளங்கும். 1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகளை 32 பிட் எண்ணாகக் குறித்துவைக்கும் பழைய கணினிகளில் 2038 ஜனவரி 19 அன்று எண்ணிக்கை 2147483647ஐத் தொட்டு, அடுத்த நொடியில் பின்னோக்கிப் புரண்டுவிடும். 64 பிட்டில் ஒரு பிட்டைக் கூட்டல் கழித்தல் குறிக்கு ஒதுக்கினாலும் 29,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் கவலை இல்லை.

காரணிகளும் வேலையில்லாமல் இருக்கவில்லை. இணையத்தில் வங்கிக் கணக்கைத் திறக்கும்போது மறைகுறியீடு செய்யும் ஆர்எஸ்ஏ முறையில் பொதுத் திறவின் அடுக்காகப் பெரும்பாலும் 65537 பயன்படுகிறது. அது பகா எண். ஈரடிமானத்தில் முதலிலும் கடைசியிலும் மட்டும் 1 இருப்பதால் பதினாறு வர்க்கங்களும் ஒரு பெருக்கலுமாகக் கணக்கு விரைவில் முடிகிறது. பிங்கலர் சொன்ன வழி இங்கேயும் நடக்கிறது.

தற்செயல் எண்களை உண்டாக்கும் நிரல்களில்தான் ஏழு காரணிகளும் ஒருங்கே தேவைப்படுகின்றன. 2003இல் ஜார்ஜ் மார்சாலியா வெளியிட்ட முறையொன்றில் 64 பிட் எண் ஒன்றை நகர்த்தி, தன்னோடே கலந்து, அடுத்த எண்ணைப் பெறுவார்கள். பூச்சியத்தைத் தவிர எல்லா 64 பிட் எண்களையும் ஒரு முறை கடந்த பிறகே அது தொடங்கிய இடத்துக்குத் திரும்ப வேண்டும். அப்படிக் கடக்க வேண்டியவை சரியாக 18446744073709551615. நொடிக்கு நூறு கோடி எண்கள் வீதம் ஓட்டிச் சரிபார்க்க நினைத்தால் 580 ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். காரணிகள் தெரிந்திருப்பதால் அந்தக் காத்திருப்பு தேவையில்லை. முழுச் சுற்றில் தொடங்கிய இடத்துக்குத் திரும்புகிறதா என்று ஒரு சோதனை. பிறகு பேரெண்ணை 3ஆல் வகுத்து வரும் 6148914691236517205ஆவது படியில் முன்கூட்டியே திரும்பிவிடுகிறதா, 5ஆல் வகுத்து வரும் படியில் திரும்புகிறதா என்று ஏழு பகா எண்களுக்கும் ஏழு சோதனைகள். வர்க்கப்படுத்தும் வழியில் இத்தகைய தொலைவுப் படிக்கு நேரே தாவிவிடலாம். ஏழில் ஒன்றிலும் திரும்பாவிட்டால் சுற்று முழுமையானது என்பது உறுதி. ஆய்லர் 1732இல் கண்ட 641, 6700417 ஆகிய இரண்டும் அந்த ஏழில் அடங்கும்.